நீலக்கல் எதிர்பார்த்தபடி இல்லையா? திரும்பப் பட்டை தீட்டலாமா என்று முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

கடை விளக்குக்குக் கீழே தகதகவென்று இருந்த நீலக்கல், வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் வெளிறிக் கிடக்கிறது. மோதிரத்தில் வைத்தால் அடியில் விரல் தோல் தெரிகிறது. இலங்கை நீலக் கற்களில் இது மிகவும் சாதாரணம். வில்லால் சுழற்றும் ஹனபோருவ என்ற கைப்பொறியில் பட்டை தீட்டிய காலத்திலிருந்தே அங்குள்ள கல் வெட்டுபவர்களின் முதல் கவலை எடைதான். ஆற்றுப்படுகையில் கிடைத்த கூழாங்கல்லின் வடிவத்தை ஒட்டியே, முடிந்தவரை குறைவாகத் தேய்த்து வெட்டுவார்கள். காரட்டுக்கு இவ்வளவு என்று கல் விற்கும் சந்தையில் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. அவர் கணக்கு அவருக்கு.

வாங்கியவருக்குக் கணக்கு வேறு. ஏமாற்றமாக இருக்கும் கல்லைத் திரும்ப வெட்டலாமா என்று கேட்டால், 'எவ்வளவு எடை போகும்?' என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, எந்த இடத்திலிருந்து போகும் என்பது. ஒரே அளவு எடை போன இரண்டு கற்களில் ஒன்று விரலில் பாதியாகச் சிறுத்துப்போனதுபோல் தெரியும், இன்னொன்று பார்வைக்குக் கொஞ்சமும் குறையாது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது பற்றித்தான். இலங்கை நீலத்தை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். மற்ற கற்களுக்கு வழி மாறும் இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

முதலில்: வெட்டாமலே தீருமா?

திருப்பிக் கொடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். பில்லில் எத்தனை நாள் அவகாசம், மாற்றித் தருவார்களா, திரும்ப எடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்று கேளுங்கள். சாணையில் ஒரு முறை பட்டுவிட்ட கல்லை எந்தக் கடைக்காரரும் திரும்ப வாங்க மாட்டார். ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை வேறு எதையும் செய்ய வேண்டாம்.

அடுத்தது, கல்லைக் கழுவுங்கள். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மோதிரத்தில் இருக்கும் கல்லின் அடிப்பக்கத்தில் சோப்பு, எண்ணெய், மஞ்சள், கை க்ரீம் எல்லாம் படிந்து ஒரு படலமாகிவிடும். கல் மின்னுவது அடிப்பட்டைகளில் ஒளி பட்டுத் திரும்புவதால்தான். அங்கே எண்ணெய்ப் படலம் ஒட்டியிருந்தால் ஒளியின் ஒரு பகுதி திரும்பாமல் வெளியே போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பழைய மென்மையான பல்துலக்கியால் அடிப்பக்கத்திலிருந்து தேய்த்துக் கழுவுங்கள். நீலம், மாணிக்கத்துக்கு இது பாதுகாப்பானது, ஆனால் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் இதில் சேராது. மரகதத்தை வெந்நீரில் போடாதீர்கள். நகைக்கடை அல்ட்ராசோனிக் தொட்டியும் அதற்கு வேண்டாம்.

மூன்றாவது, கட்டியிருக்கும் விதம். அடி மூடிய மோதிரத்தில் கொஞ்சம் வெளிறிய நீலம் செத்துப்போய்த் தெரியலாம். அதே கல் அடி திறந்த கட்டில் உயிரோடு இருக்கும். கல்லைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லக் கூடாது. எப்படியும் கழற்றியே ஆகவேண்டும், ஏனென்றால் கொக்கிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சில்லும் விரிசலும் அப்போதுதான் தெரியும்.

என்ன குறை என்று பெயர் வைப்பது

'நல்லா இல்லை' என்று கல் வெட்டுபவரிடம் போய் நின்றால் அவர் என்ன செய்வார்? குறை எதுவென்று நாமே ஓரளவு தெரிந்துகொண்டு போவது நல்லது. ஜன்னல் ஓரத்தில், நேரடி வெயில் படாத பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள்.

செய்தித்தாளின் மேல் கல்லை மேல்முகம் பார்க்க வையுங்கள். நேர் மேலிருந்து பார்க்கும்போது நடுவில் எழுத்து தெரிந்தால் அது 'விண்டோ'. நீல வகைக் கற்களில் அடிப்பட்டை கிடைமட்டத்துக்கு 34.5 டிகிரிக்குக் குறைவாகச் சாய்ந்திருந்தால், நேர் மேலிருந்து வரும் ஒளி திரும்பாமல் அடிவழியே ஓடிவிடும். நாம் அந்த வழியே காகிதத்தைப் பார்க்கிறோம். விரலை அசைத்தாலே கோணம் மாறுவதால், வெட்டுபவர்கள் 34.5-ல் நிற்காமல் 40 முதல் 43 டிகிரி வரை வைப்பார்கள். எடை காக்க வெட்டிய கற்களில் இடுப்புக்கு, அதாவது மேல்பகுதியும் அடிப்பகுதியும் சேரும் விளிம்புக்குப் பக்கத்தில் பட்டைகள் செங்குத்தாக இறங்கி, அடிமுனை நெருங்கும்போது 25, 30 டிகிரி என்று படகின் அடிபோல் தட்டையாகிவிடும். விண்டோ சரியாக நடுவில் விழுவது இதனால்தான்.

கல்லைப் பத்து டிகிரி அளவுக்கு இப்படியும் அப்படியும் சாய்த்துப் பாருங்கள். நேராக வைத்தால் நன்றாக இருந்து, சாய்த்தால் மட்டும் கொஞ்சம் விண்டோ திறந்தால் பரவாயில்லை, பெரும்பாலான கற்கள் அப்படித்தான். அதற்காக வெட்டத் தேவையில்லை.

விண்டோ இல்லாமல் கருப்புத் திட்டுகளாகத் தெரிந்தால் விஷயம் வேறு. அடிப்பட்டைகள் மிகச் செங்குத்தாக இருக்கலாம், அல்லது கல்லின் நிறமே மிக அடர்த்தியாக இருக்கலாம். கோணம் காரணமென்றால் வெட்டினால் மாறும். நிறம் காரணமென்றால், ஆழத்தைக் குறைத்தால் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். அடர்ந்த நிறமுள்ள கல்லில் சிறு விண்டோ இருப்பது சில நேரம் நன்மைகூட. அதை அடைத்தால் கல் மை மாதிரி ஆகிவிடும்.

கல் முழுக்கப் பால் கலந்ததுபோல் மங்கலாக இருக்கிறதா? அது உள்ளே இருக்கும் நுண்ணிய ஊசிகளால் வருவது, வணிகத்தில் சில்க் என்பார்கள். எந்தக் கோணத்தில் வெட்டினாலும் அது போகாது. இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

மேல்பக்கத்தில் பட்டைகளின் விளிம்பு மழுங்கி, கீறல் விழுந்து இருந்தால் வெட்டே தேவையில்லை, பாலிஷ் போதும். பழைய மோதிரக் கற்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்பது என் எண்ணம்.

அளவெடுத்துக் கணக்குப் போடுவது

ஒரு டிஜிட்டல் கேஜ் கொண்டு கல்லின் நீளம், அகலம், மொத்த உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் எடுங்கள். கடையிலேயே எடுத்துத் தருவார்கள். அப்புறம், இடுப்புக்கோட்டிலிருந்து அடிமுனை வரை எவ்வளவு என்று தனியாக ஒரு அளவு. இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் முடிவு இதில்தான் இருக்கிறது.

காரணம் எளிது. அடிப்பட்டை 41 டிகிரியில் இறங்க வேண்டுமானால், இடுப்புக்குக் கீழே கல்லின் அகலத்தில் 0.44 பங்கு ஆழம் வேண்டும். நீலம், மாணிக்கம், ஸ்பினல் வகைகளுக்கு இந்த எண். மரகதம், அக்வாமரின், அமெதிஸ்ட் போன்று ஒளியைக் குறைவாக வளைக்கும் கற்களுக்கு 0.47 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 மி.மீ. அகல நீலக்கல்லுக்கு இடுப்புக்குக் கீழே சுமார் 3.1 மி.மீ. தேவை.

இப்போது எடை. நீள்வட்டக் கல்லுக்கு நீளத்தையும் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அதை அதனாலேயே பெருக்கி, உயரத்தால் பெருக்கி, ஒப்படர்த்தியால் பெருக்கி, கடைசியில் 0.002-ஆல் பெருக்கினால் தோராயமான காரட் வரும். ஒப்படர்த்தி என்பது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற எண். நீலத்தின் ஒப்படர்த்தி 4.0. மரகதத்துக்கு 2.7, ஸ்பினலுக்கு 3.6. அடி தொப்பை போட்டிருந்தால் வரும் விடையோடு பத்து, பதினைந்து சதவீதம் கூட்ட வேண்டும்.

இரண்டு கற்களை வைத்துப் பார்ப்போம்.

முதல் கல் 9 × 7 மி.மீ., உயரம் 3.6. கணக்குப்படி சுமார் 1.84 காரட். இடுப்புக்குக் கீழே 2.6 மி.மீ.தான் இருக்கிறது, வேண்டியது 3.1. ஆக நடுவில் பெரிய விண்டோ. இந்தக் கல்லுக்கு ஆழம் சேர்க்க வழியில்லை. துணி போதாத சட்டையைத் தையல்காரர் பெரிதாக்கவா முடியும், ஆளைத்தான் சிறியவராகப் பார்க்க வேண்டும். இருக்கும் 2.6 மி.மீ. ஆழத்துக்குத் தகுந்த அகலம் சுமார் 6 மி.மீ. நீளமும் அதோடு சேர்ந்து 7.3-க்கு வரும். உயரம் 3.5. எடை சுமார் 1.25 காரட்.

இரண்டாவது கல் 8 × 7 மி.மீ., உயரம் 5.6, தொப்பையோடு. எடை சுமார் 2.8 காரட். இடுப்புக்குக் கீழே 4.4 மி.மீ. இருக்கிறது, வேண்டியதைவிட அதிகம். ஆனாலும் அடிமுனைப் பக்கம் உருண்டு கிடப்பதால் இதிலும் விண்டோ உண்டு, பக்கவாட்டில் இருட்டும் உண்டு. இதில் அந்தத் தொப்பையை மட்டும் சீவி 41 டிகிரியில் நேராக இறக்கினால் 7.9 × 6.9 மி.மீ., உயரம் 4.2, எடை சுமார் 1.84 காரட்.

இரண்டிலும் போனது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. முதல் கல்லில் அது முகத்திலிருந்து போகிறது: 9 × 7 இருந்தது 7.3 × 6 ஆகிவிடும், மோதிரம் மாற்ற வேண்டும், வீட்டில் எல்லோரும் 'கல் சின்னதாயிருச்சே' என்பார்கள். இரண்டாவதில் போன எடை மோதிரத்துக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கிடந்த எடை. முகம் அப்படியே இருக்கிறது, ஒளி மட்டும் வந்துவிட்டது. பழைய கட்டிலேயே திரும்ப உட்காரவும் வாய்ப்புண்டு. தொப்பைக் கல்லுக்கு நான் தயங்காமல் சரி என்பேன். தட்டைக் கல்லுக்கு, அதன் நிறம் அபாரமாக இருந்தால் ஒழிய, வேண்டாம் என்பேன்.

இடைப்பட்ட ஒரு வகையும் உண்டு. மேல்பகுதி தடித்து, இடுப்புக்கோடு கீழே இறங்கியிருக்கும் கல். மொத்த உயரம் போதும், ஆனால் அது தவறான இடத்தில் இருக்கிறது. நல்ல கைக்காரர் இடுப்புக்கோட்டையே மேலே ஏற்றி வெட்டுவார். இதற்கு முழுக் கல்லையும் தொட வேண்டும், கூலி கூடும். ஆனால் முகம் அதிகம் குறையாது.

நிறம் எங்கே ஒளிந்திருக்கிறது

இலங்கை நீலத்தை வெட்ட நினைப்பவர்கள் அதிகம் அடிபடும் இடம் இது. இந்தக் கற்களில் நிறம் சீராகப் பரவியிருப்பதில்லை. பட்டை பட்டையாகவோ, ஒரு மூலையில் திட்டாகவோ இருக்கும். மற்ற இடம் கிட்டத்தட்ட வெள்ளை. அனுபவசாலி வெட்டுபவர் அந்த நீலத்திட்டை அடிமுனைக்கு வருமாறு வைத்து வெட்டிவிடுவார். அடிப்பட்டைகள் அந்த நீலத்தை வாங்கி மேலே அனுப்ப, நேரே பார்த்தால் கல் முழுக்க நீலமாகத் தெரியும்.

அந்த அடிமுனையை நீங்கள் சீவினால்? நீலம் தூளாகிச் சாணையோடு போய்விடும். மிஞ்சுவது நன்றாக மின்னும் ஒரு வெளிறிய கல்.

பார்ப்பதற்கு வழி சுலபம். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டு, வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தண்ணீரில் பட்டைகளின் பளபளப்பு அடங்கி, நிறம் எங்கே தடித்திருக்கிறது என்று தெரியும். குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயில் இருந்தால் இன்னும் தெளிவு. நிறம் முழுக்க அடிமுனையில் மட்டும் இருந்தால் அடிப்பகுதியை வெட்டும் யோசனையைக் கைவிடுங்கள். அகலத்தைக் குறுக்கி அடிமுனையைக் காப்பாற்ற முடியுமா என்று மட்டும் கேட்கலாம். நிறம் மேல்முகத்துக்கு அருகே ஒரு படலமாக இருந்தால், மேல்முகத்தைத் தொடக் கூடாது என்று எழுதியே கொடுங்கள்.

நீலக்கல்லை இரண்டு திசைகளில் பார்த்தால் இரண்டு நீலம் தெரியும். படிகத்தின் நீளவாக்கில் பார்த்தால் தூய நீலம், குறுக்கே பார்த்தால் கொஞ்சம் பச்சை கலந்தது. உங்கள் கல் நேரே பார்க்கப் பச்சை அடிக்கிறது என்றால் முதல் முறை வெட்டியவரே திசை தவறி வைத்திருக்கிறார். இதைச் சரிசெய்யக் கல்லையே புரட்டிப் போட்டு வெட்ட வேண்டும். பெரிய கல்லாக இல்லாவிட்டால் அதற்கு இடம் இருக்காது.

கல்லுக்கு ஏற்கெனவே என்ன செய்திருக்கிறார்கள்

சான்றிதழைப் படியுங்கள். இல்லையென்றால் வெட்டுவதற்கு முன்பே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம்.

வெறுமனே சூடேற்றிய நீலத்தைத் தாராளமாக வெட்டலாம். நிறம் உள்ளே வரை இருக்கும். ஆனால் டைட்டானியம் டிஃப்யூஷன் செய்த, அதாவது சூட்டில் வெளியிலிருந்து டைட்டானியத்தை ஊடுருவவிட்டு நிறமேற்றிய கல்லில் நீலம் மேல்தோலில் மட்டும், பொதுவாக அரை மி.மீ.க்கும் குறைவான ஆழத்தில்தான் இருக்கும். பாலிஷ் போட்டாலே திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்தில் பார்க்கும்போது பட்டைகளின் விளிம்புகளிலும் இடுப்பைச் சுற்றியும் மட்டும் நிறம் கோடு கோடாகத் தடித்துத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடி நிரப்பியதை யாரும் வெட்டித் தர ஒப்புக்கொள்ளக் கூடாது. அதில் விரிசல்களை ஒட்டவைத்திருப்பதே அந்தக் கண்ணாடிதான். மரகதத்தில் பெரும்பாலும் விரிசல்களுக்குள் எண்ணெயோ பிசினோ இருக்கும். வெட்டும்போது பிடித்துக்கொள்ளக் கல்லை அரக்கு உருக்கிக் குச்சியில் ஒட்டும் சூட்டிலேயே எண்ணெய் வெளியேறி, அதுவரை கண்ணுக்குத் தெரியாத விரிசலெல்லாம் வெள்ளையாக எழுந்து நிற்கும். மரகதத்தை வெட்டுபவர் சூடில்லாத பசையில் ஒட்டுகிறாரா, வெட்டிய பிறகு திரும்ப எண்ணெய் ஏற்றித் தருவாரா என்று கேட்காமல் கொடுக்காதீர்கள்.

புஷ்பராகம் என்று சொல்லி வாங்கியது மஞ்சள் நீலமா (நீலக்கல் இனத்திலேயே மஞ்சள் நிறமுள்ளது), டோபாஸா என்றும் சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். டோபாஸ் ஒரு திசையில் மரக்கட்டை பிளப்பதுபோல் பிளந்துகொள்ளும் கல், வெட்டுபவருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். வானவில் நிறம் காட்டும் டோபாஸில் அந்த நிறம் பூச்சு மட்டுமே, சாணையில் வைத்ததும் போய்விடும்.

எந்தக் கல்லாக இருந்தாலும், விரிசல் ஒன்று இடுப்பு விளிம்பு வரை எட்டியிருந்தால் பத்து மடங்கு லென்ஸில் நன்றாகப் பாருங்கள். அழுத்தத்தில் அது நீளலாம். அந்த விளிம்பையே சீவி எறியப் போகிறார் என்றால் நல்லது. விட்டுவைக்கப் போகிறார் என்றால் ஆபத்து உங்களுடையது.

பணக் கணக்கு

எடை மூன்றில் ஒரு பங்கு போனால், முதலீடு சமமாக நிற்பதற்கே காரட் விலை ஒன்றரை மடங்காக உயர வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு போனால் கால் பங்கு உயர வேண்டும். இதற்கு மேல் வெட்டுக்கூலி, புதிய சான்றிதழ், போக்குவரத்து, மோதிர வேலை. வாங்கிய விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இன்றைக்கு அந்தக் கல்லை விற்றால் என்ன வரும், அதே நிறத்தில் நன்றாக வெட்டிய சிறிய கல் இன்றைக்கு என்ன விலை என்ற இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. கல் விலை 1, 2, 3, 5 காரட் என்ற எல்லைகளில் படி ஏறுவதுபோல் தாவும். 2.05 காரட் கல் 1.95 ஆனால் எடை இழப்பு சொற்பம், விலை இழப்பு அப்படியல்ல. நாம் பார்த்த தொப்பைக் கல்லையே எடுங்கள். 41 டிகிரியில் 1.84 வரும். 43 டிகிரியில் வெட்டி, பக்கவாட்டில் கொஞ்சம் வயிறு விட்டால் 2 காரட்டைப் பிடித்துவிடலாம். அழகு சற்றுக் குறையும், ஆனால் விண்டோ அடைபடும். விற்க நினைப்பவர் இதைக் கேட்டு வாங்க வேண்டும். போட்டுக்கொள்ள நினைப்பவருக்கு இந்தப் பேராசை தேவையில்லை.

அமெதிஸ்ட், சிட்ரின் போன்ற விலை குறைந்த கற்களுக்கு இத்தனை யோசனையே வேண்டாம். கூலியில் இன்னொரு கல் வாங்கிவிடலாம். சூடேற்றாத நல்ல நிற நீலம், ஸ்பினல், பெரிய அக்வாமரின் போன்றவற்றுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஜோதிடர் சொல்லி வாங்கிய கல்லென்றால் இன்னொரு கேள்வி. குறைந்தது இத்தனை ரத்தி என்று சொல்லியிருப்பார். இன்றைய வட இந்திய வணிகத்தில் ஒரு ரத்தி என்பது சுமார் 0.91 காரட். வெட்டிய பிறகு அந்த எடைக்குக் கீழே போனால் வீட்டில் மனக்குறை வரும். பூஜையில் வைத்த கல்லைச் சாணை பிடிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ராசிக்கல்லின் பலன் பற்றி எனக்குக் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போட்டுக்கொள்ளும் பெரியவர்களிடம் வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பாதி வழிகள்

முழுதாக வெட்டுவது, அப்படியே விடுவது என்று இரண்டே வழிகள் என்று நினைக்க வேண்டாம். மேல்முகத்தையும் மேல்பட்டைகளையும் மட்டும் பாலிஷ் போட்டால் காரட்டின் நூறில் சில பங்குகள்தான் போகும். அடிப்பகுதியை மட்டும் வெட்டி மேல்பகுதியையும் இடுப்பையும் தொடாமல் விடலாம், தொப்பைக் கல்லுக்கு இதுவே சரி. தட்டைக் கல்லை மூக்குத்திக்கோ, விரலைவிடக் குறைவாக உற்றுப் பார்க்கப்படும் தொங்கட்டானுக்கோ மாற்றலாம். தட்டைக் கல் முகம் பெரிதாகக் காட்டும் என்பது அதன் ஒரே நல்ல குணம், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நட்சத்திர நீலம், வைடூரியம் போன்று குமிழாக வெட்டிய கற்களில் அடியில் தேவையில்லாத கனத்தை விட்டிருப்பார்கள். அதைச் சீவுவது சின்ன வேலை, முகம் மாறாது. நட்சத்திரம் நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தால் மட்டும் குமிழையே சாய்த்துத் திரும்ப உருவாக்க வேண்டும், எடை நன்றாகவே போகும்.

வெட்டவே கூடாத கற்கள்

பாட்டியின் அட்டிகை, ஒட்டியாணத்தில் இருக்கும் கெம்புக் கற்களைக் கழற்றிக் கையில் வைத்தால் உயிரில்லாமல்தான் இருக்கும். அவை பின்னால் தகடு வைத்து, அடி மூடிக் கட்டுவதற்காகவே உருவாக்கியவை. தகடோடு சேர்த்துத்தான் அந்தக் கல். அதை நவீன முறையில் வெட்டினால் நகையும் கெடும், கல்லும் ஒன்றுமில்லாமல் போகும்.

பழமைக்கு விலை இருக்கும் கற்களிலும் இதே எச்சரிக்கை. 1851-ல் லண்டன் பொருட்காட்சியில் கோஹினூரைப் பார்க்க வந்த கூட்டம் 'இவ்வளவுதானா' என்று திரும்பிப் போனது. மறு வருஷம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆட்களை வரவழைத்து வெட்டினார்கள். இன்றைய கணக்கில் சுமார் 191 காரட் 105.6 ஆனது, நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கு போயிற்று. கல் மின்னியது, ஆனால் அதன் முகலாய வடிவம் திரும்ப வரவே வராது. 2008-ல் விட்டல்ஸ்பாக் என்ற நீல வைரத்தை வாங்கிய வைர வியாபாரி லாரன்ஸ் கிராஃப் அதை 35.56-லிருந்து 31.06 காரட்டாக வெட்டினார். நிறத்தின் தரமும் சுத்தத்தின் தரமும் உயர்ந்தன. முந்நூறு வருஷச் சரித்திரத்தைத் தேய்த்துவிட்டார் என்று திட்டியவர்களும் இருந்தார்கள். நம் மோதிரத்துக்கு அவ்வளவு சரித்திரம் இருக்காது. ஆனாலும் குடும்பத்தில் இரண்டு தலைமுறை போட்ட கல்லென்றால் பாலிஷோடு நிறுத்திக்கொள்வதே என் விருப்பம்.

யாரிடம் கொடுப்பது, என்ன கேட்பது

நகைக்கடைக்காரர் வெட்டுவதில்லை, வாங்கி யாரிடமோ கொடுப்பார். முடிந்தவரை வெட்டுபவரிடமே பேசுங்கள். வண்ணக்கல் வேலைக்கு இந்தியாவில் ஜெய்ப்பூர் பெரிய இடம், மரகதத்தில் அங்கே தனித்தேர்ச்சி உண்டு. இலங்கை நீலத்துக்கு இரத்தினபுரியும் பேருவளையும். பேருவளைச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகள் பலர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் என்பதால் நமக்குப் பேச்சு சுலபம். வெளிநாட்டுக்குக் கல் அனுப்பித் திரும்ப வாங்குவதற்குச் சுங்கக் காகிதங்கள் உண்டு, அதை முதலிலேயே விசாரியுங்கள். திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை போடும் கைகள் ஏராளம். வேகமும் திறமையும் இருக்கும், ஆனால் ஒரே அளவில் ஆயிரம் கல் வெட்டுவதும், உள்ளே விரிசலும் நிறத்திட்டும் உள்ள ஒற்றை இயற்கைக் கல்லை வெட்டுவதும் வேறு வேறு வேலை. இயற்கை நீலத்தில் செய்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

வெட்டுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்கள் கேளுங்கள். வெட்டிய பிறகு எத்தனை மில்லிமீட்டர், எத்தனை காரட் வரும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். 'பார்த்துச் செஞ்சிருவோம்' என்பது பதிலல்ல. அதே நேரம் 'எடையே குறையாது' என்று சொல்பவரிடமிருந்து கல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் பேசியாக வேண்டும். பெரும்பாலான வெட்டுபவர்கள் கல்லின் விலைக்குப் பொறுப்பேற்க மாட்டார்கள், அது நியாயமும்கூட, உள்ளே இருக்கும் இறுக்கம் யாருக்கும் தெரியாது. ஆனால் அலட்சியத்தால் சில்லு போனால் என்ன, எந்த எடைக்குக் கீழே போகும் நிலை வந்தால் நிறுத்திவிட்டு உங்களைக் கேட்க வேண்டும் என்ற இரண்டும் தாளில் இருக்கட்டும். கொடுக்கும்போது எடையைக் கண்ணெதிரே போட்டு, மூன்று அளவுகளோடு ரசீதில் எழுதி, கல்லை நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். லென்ஸில் தெரியும் உட்குறை ஒன்றையும் படம் எடுத்து வைத்தால், திரும்பி வரும் கல் உங்கள் கல்தானா என்ற சந்தேகம் வராது.

கல் திரும்பி வந்ததும் அதே செய்தித்தாள், அதே ஜன்னல் ஓரம். எழுத்து தெரிகிறதா, சாய்த்தால் என்ன ஆகிறது, நிறம் முன்பிருந்ததைவிட வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸில் பட்டைகள் ஒரு புள்ளியில் சேர்கின்றனவா, பாலிஷ் கோடுகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். திருப்தி இல்லையென்றால் மோதிரத்தில் கட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

எடையும் அளவும் மாறிவிட்டதால் பழைய சான்றிதழ் இனி இந்தக் கல்லுக்குப் பொருந்தாது. விற்கும் எண்ணம் இருந்தால் புதிதாக எடுங்கள். இலங்கையில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிலும் சோதித்துத் தருகிறார்கள், வெளியே ஜி.ஐ.ஏ. போன்ற ஆய்வகங்கள் உண்டு. பழையதை எறியாமல் புதியதோடு சேர்த்து வையுங்கள். சூடேற்றாத கல் என்று இரண்டு தாளும் ஒன்றாகச் சொன்னால் வாங்குபவருக்கு நம்பிக்கை கூடும். கட்டும் வேலை கடைசியில். தொப்பை போன கல்லுக்குப் பழைய கட்டு ஆழமாகத் தெரியலாம், கொக்கிகளைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். பற்றவைப்பு ஏதாவது இருந்தால் கல்லை உட்காரவைப்பதற்கு முன்பே அதை முடித்துவிடச் சொல்லுங்கள்.